ஃபோட்டோவில் இல்லாத பெட்டி

ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு நியூசிலாந்து போய்விட்டு வந்தார். இதை நான் ஒரே வரியில் எழுதிவிட்டேன். அவர் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு காபி, ஒரு தட்டு முறுக்கு.

மகனுக்கு ஆக்லாந்தில் வேலை. அப்பா, அம்மா, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன் என ஐந்து பேரும் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு மோட்டார் ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, டெக்காபோ ஏரி, மவுன்ட் குக், குவீன்ஸ்டவுன் என்று பத்து நாள் சுற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் ஹீரோயின் மேக்கப் போடுகிற வண்டி. அங்கே அது சாதாரணக் குடும்பம் ஊர் சுற்றுகிற வீடு. கார் லைசென்ஸே போதும், ஓட்டலாம்.

செல்போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். டிரைவர் தலைக்கு மேலே ஒரு பெட். சாப்பிடும் மேஜையை மடக்கினால் இன்னொரு பெட். குட்டி ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு. "டெக்காபோ ஏரிக்கரையில உப்புமா கிண்டினோமுங்க. கறிவேப்பிலை மட்டும்தான் இல்ல" என்று பூரித்தார். மகன் வேகமாக ஓட்டி அபராதம் கட்டிய கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கக்கூஸுக்கு என்ன பண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அதுவும் வண்டிக்குள்ளேயே இருக்குதுங்க."

"அது எங்கே போகும்?"

நண்பர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தணித்தார். "அடியில ஒரு பெட்டி இருக்கும். ரொம்புச்சுன்னா லைட் எரியும். கொண்டுபோய் ஊத்தணும்."

"யார் ஊத்தினது?"

"மகன் பாதி நாள்... நான் பாதி நாள்" என்றவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "வெளியில சொல்லிடாதீங்க."

அவர் பெயரைச் சொல்லாமல் நான் வெளியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அபராதம் கட்டியதைச் சொல்லலாம். உப்புமா தீய்ந்ததைச் சொல்லலாம். தன் வீட்டுக் கழிவைத் தானே கொண்டுபோய்க் கொட்டியதை மட்டும் ஏன் சொல்லக் கூடாது? முந்நூறு ஃபோட்டோவில் அந்தப் பெட்டி மட்டும் ஏன் இல்லை?

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று தெரிந்துகொள்வோம். சுமார் 20 லிட்டர் பிடிக்கும். நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு. திறந்து பெட்டியை உருவினால், சூட்கேஸ் மாதிரி இழுத்துப் போகக் கைப்பிடி. பல பெட்டிகளுக்குச் சக்கரமும் உண்டு. வாடை வராமல் இருக்க உள்ளே ஒரு மருந்து. ஊருக்கு ஊர் இதற்கென்றே ஓர் இடம், கீழே பாதாளச் சாக்கடை இணைப்போடு இருக்கும். மூடியைத் திருகி, கொட்டி, பக்கத்துக் குழாயில் அலசி, மறுபடி மருந்து விட்டு மாட்ட வேண்டியதுதான். கையில் கிளவுஸ். ஐந்து நிமிஷ வேலை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்டி காலியாக இல்லையென்றால் தனியாகக் காசு பிடுங்கிவிடுவார்கள்.

அந்த நாடு இதில் விளையாட்டுக் காட்டுவதில்லை. வண்டியை நிறுத்தி இஷ்டத்துக்குத் தங்குவதை ஒழுங்குபடுத்த 2011-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2023-ல் அதை இறுக்கினார்கள். எடுத்து எடுத்து வைக்கிற கக்கூஸ் செல்லாது. வண்டியோடு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். படுக்கை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். அப்படியென்றால்தான் அந்த வண்டிக்குத் தன் கழிவைத் தானே சுமக்கிற வண்டி என்று சான்றிதழ். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, கட்டில் விரித்தால் கக்கூஸ் கதவு திறக்குமா என்று யோசித்திருக்கிறது!

நம் ஊருக்கு வருவோம். நமக்கும் சட்டம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. 1993-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் ஆளை இறக்கக் கூடாது. இறக்கினால் ஜெயில். 2014-ல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடு என்றது. 2023-ல் அதையே 30 லட்சம் ஆக்கியது. இழப்பீட்டை மூன்று மடங்காக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது? சாவு நிற்கவில்லை, அதனால்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். மனிதனை இறக்கினால் ஒன்றும் எழுத வேண்டாம். அன்றைக்குக் கூலி, ஒரு குவார்ட்டருக்குக் காசு, கணக்கு முடிந்தது. செத்தால்தான் நஷ்ட ஈடு, அதுவும் கேஸ் நடந்தால். இரண்டில் எது மலிவோ அதைத்தான் இந்த ஊர் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடுவார். எனக்குத் தெரியும். "என்ன சார் ஒப்பிடறீங்க? அங்கே மருந்து இருக்கு, கிளவுஸ் இருக்கு, கொட்ட இடம் இருக்கு. இங்கே என்ன இருக்கு? அதனால அங்கே செய்யலாம், இங்கே செய்ய முடியாது."

நியாயமான கேள்வி. ஆனால் தலைகீழான கேள்வி. அங்கே பெட்டிக்குச் சக்கரம் எப்படி வந்தது? அதைத் தூக்குகிறவனே வண்டிக்கு வாடகை கொடுக்கிறவன். அவனுக்கு இடுப்பு வலித்தால் அடுத்த தடவை வேறு கம்பெனிக்குப் போவான். அவனுக்கு நாற்றம் அடித்தால் மருந்து கண்டுபிடிப்பார்கள். அவன் கையில் பட்டால் மூடியை மாற்றுவார்கள். காசு கொடுக்கிறவன் தூக்கினால் பெட்டிக்குச் சக்கரம் முளைக்கும். நம் ஊரில் தூக்குகிறவனுக்கு வாயும் இல்லை, தேர்ந்தெடுக்கிற உரிமையும் இல்லை. அவன் இன்ன சாதியில் பிறந்தான், அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை வருஷமாகியும் அவன் கையில் ஒரு கயிறும் வாளியும்.

வசதி இல்லாததால் நாம் செய்யாமல் இருக்கவில்லை ஐயா. நாம் செய்யாததால்தான் வசதி வரவில்லை.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த ஓடும் வீடு அதுதானே? படுக்கை உண்டு, சாப்பாடு உண்டு, கக்கூஸ் உண்டு. ஓட்டையில் பார்த்தால் தண்டவாளம் தெரியும். ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள் என்று போர்டு. நாம் பயன்படுத்தினோம். வண்டி கிளம்பியதும் துடைப்பத்தோடு ஒருவர் தண்டவாளத்தில் இறங்குவார். நாம் அடுத்த ஸ்டேஷனில் வடை வாங்கிக்கொண்டிருப்போம். பயோ டாய்லெட் வந்து எல்லாப் பெட்டிகளுக்கும் பரவியது அண்மையில்தான். இந்த நாட்டில் ரயில் ஓட ஆரம்பித்தது 1853-ல். இடையில் எத்தனை தலைமுறை?

சரி, தானே செய்வது என்பது வெள்ளைக்காரன் பழக்கமா? அதுவும் இல்லை. 1901-ல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கக்கூஸ் நாறிக் கிடந்தது. தொண்டர்களைக் கேட்டால், அது தோட்டி வேலை என்றார்கள். ஒரு குஜராத்தி வக்கீல் துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். அவர் பெயர் காந்தி. அதே காந்தி அதற்குச் சில வருஷம் முன்பு டர்பன் வீட்டில், கூடத் தங்கியிருந்த குமாஸ்தாவின் மூத்திரச் சட்டியை மனைவி முகம் சுளிக்காமல் தூக்க வேண்டும் என்று கத்தி, கஸ்தூரிபாவை வாசல் வரை பிடித்துத் தள்ளியும் இருக்கிறார். பிறகு வெட்கப்பட்டு அதையும் சுயசரிதையில் எழுதினார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தானே செய்வது என்றால் தானே செய்வது. வீட்டுப் பெண்கள் தலையில் கட்டுவது அல்ல. ஆத்தூர் நண்பர் வீட்டிலும் முதல் நாள் பெட்டி ரொம்பியபோது அவர் மனைவியைத்தான் பார்த்தாராம். மகன்தான், "அப்பா, இன்னைக்கு நான், நாளைக்கு நீங்க" என்று முறை வைத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு என் வணக்கம்.

ஆனால் அந்தப் பையனிடமும் ஒரு கேள்வி உண்டு. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் சனிக்கிழமையானால் தங்கள் வீட்டு டாய்லெட்டைத் தாங்களே தேய்த்துக் கழுவுகிறார்கள். "இங்கே எல்லா வேலையும் நாமதான் பார்க்கணும்" என்று போனில் பெருமையாகச் சொல்கிறார்கள். சென்னையில் விமானம் இறங்கியதும் அந்தக் கை எங்கே போகிறது? லீவு முடியும் வரை ஆள் வந்துதான் கழுவ வேண்டும். கடலைத் தாண்டினால் சாதி போய்விடுமாம், அந்தக் காலத்தில் சொல்வார்கள். போனது நிஜம்தான் போல. திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் லக்கேஜோடு அதையும் எடுத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நம் ஊருக்கும் கேரவன் வரப்போகிறது. கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு என்று திட்டம் அறிவித்து, அடுத்த வருஷம் வாகமண்ணில் வண்டி நிறுத்தித் தங்க ஒரு பூங்காவும் திறந்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. வரட்டும், சந்தோஷம். நாமக்கல், கரூரில் பாடி கட்டுகிறவர்களுக்குச் சொன்னால் நியூசிலாந்துக்காரன் வாய் பிளக்கிற மாதிரி கட்டிக் கொடுப்பார்கள். ஏற்காடும் கொல்லிமலையும் பக்கத்தில்தான்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பெட்டியைத் தூக்கப் போவது யார்?

"வண்டியோடு டிரைவர் வருவார், ஓர் அட்டெண்டரும் வருவார், அவர் பார்த்துக்கொள்வார்" என்றுதான் பதில் வரும். அந்த அட்டெண்டர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொட்டுகிற இடம்? ராத்திரி ஆள் இல்லாத நேரத்தில் ஓர் ஏரி, இல்லை ஓர் ஆறு. ஏற்கெனவே ஆத்தூர் வசிஷ்ட நதியின் கதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சியிலேயே செப்டிக் டேங்க் கழிவைச் சுத்திகரிக்கிற நிலையம் 2017-ல் வந்துவிட்டது. ஒரு பேரூராட்சியால் முடிந்தது மற்ற ஊருக்கு ஏன் முடியாது? சுற்றுலாத் துறைக்கு நான் சொல்வது இது: முதல் கேரவனுக்கு லைசென்ஸ் கொடுக்கும் முன்னால், கொட்டுகிற இடத்தைக் கட்டுங்கள். பிறகு வாடகைப் பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். வாடகைக்கு எடுப்பவரே பெட்டியைக் காலி செய்ய வேண்டும். கலெக்டராக இருந்தாலும், நடிகராக இருந்தாலும், பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனாக இருந்தாலும். ஒரே வருஷத்தில் பாருங்கள், அந்தப் பெட்டி எவ்வளவு நாகரிகமாகிறது என்று!

நண்பரிடம் கிளம்பும்போது கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க வீட்டு செப்டிக் டேங்கை எடுக்க ஆள் வந்தா, அவருக்குத் தண்ணி எதில குடுப்பீங்க?"

பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பழைய பாட்டில் ஒண்ணு வெச்சிருக்கோம்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சங்கடத்தை நான் மதிக்கிறேன். நிறைய பேருக்கு அதுவும் வருவதில்லை.

டெக்காபோ ஏரிக்கரையில் அந்தப் பெட்டியை இழுத்துப் போன ஐந்து நிமிஷம், நண்பரும் அந்தத் தொழிலாளியும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். ஒருவருக்கு டூர், இன்னொருவருக்குத் தலையெழுத்து. அடுத்த தடவை வெளிநாடு போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பெட்டியோடு நின்று ஒரு ஃபோட்டோ எடுத்து வாருங்கள். ஏரி ஃபோட்டோவுக்குப் பக்கத்திலேயே ஹாலில் மாட்டுங்கள். பழைய பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு, நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே அவருக்கும் தண்ணீர் கொடுங்கள். அதற்கு விசா தேவையில்லை.