படம் எடுக்கக் காசில்லாதவரின் கண்

2021, கொரோனா இரண்டாம் அலை. மும்பை முலுண்டின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு நீரிழிவு நோயுள்ள 14 வயதுச் சிறுமி கொண்டுவரப்பட்டாள். 48 மணி நேரத்துக்குள் அவளது ஒரு கண் கருத்தது. ஆறு வாரச் சிகிச்சையில் உயிர் மீண்டது, கண் மீளவில்லை.

அந்த 48 மணி நேரம்தான் பிரச்சினையின் மையம். கருப்புப் பூஞ்சை இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கிறது. குருதி எட்டாத திசு செத்துக் கருக்கிறது. மூக்கு, சைனஸ், கண்குழி, மூளை என்பதே அதன் பாதை. எலும்பின் அரிப்பை சி.டி. ஸ்கேன் காட்டும். கண்குழித் தசையிலும் பார்வை நரம்பிலும் பூஞ்சை ஏறியிருப்பதை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். ஊசிவழி செலுத்தும் மருந்தை ஏற்று ஒளிர வேண்டிய திசு இருண்டு கிடந்தால், அது செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்ணைக் காக்க முடியுமா, அகற்றியே தீர வேண்டுமா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு இந்தப் படம் வேண்டும்.

அது யாருக்கு உரிய நேரத்தில் கிடைக்கிறது? முலுண்டிலிருந்து அதே ரயில் பாதையில் இருக்கிறது சயான். தாராவி உழைப்பாளிகளின் புகலிடமான அங்குள்ள மாநகராட்சி மருத்துவமனைக்கு இந்நோயுடன் ஆண்டுக்கு ஆறு பேர் வருவதே வழக்கம். 2021 வசந்தத்தில் இரண்டே மாதங்களில் 24 பேர் வந்தனர். 11 பேர் ஒரு கண்ணை இழந்தனர். 6 பேர் உயிரிழந்தனர். தாமதத்துக்கு மக்களின் அறியாமையே காரணம் என்பது ஆள்வோரின் வாதம். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது. தனியார் மையத்தில் படம் எடுக்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். இதற்குப் பெயர் அறியாமையா?

ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் 40,845 பேருக்கு நோய் கண்டதாக ஒன்றிய அரசே அறிவித்தது. அதற்கான ஆம்போடெரிசின்-பி மருந்தின் 5 சதவீத ஜி.எஸ்.டி.யை நீக்கும் முடிவு ஜூன் 12 அன்றுதான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அரிய நோய்க்காகக் கோடிகளில் கருவியா என்று கேட்பார்கள். பக்கவாதத்துக்கும் முதுகுத்தண்டுக் காயத்துக்கும் மூளைக் காசநோய்க்கும் இதே கருவிதான் வேண்டும். 2021-22இல் 39,038 கோடி ரூபாய்க்கு வரவு செலவுத் திட்டம் போட்ட மாநகராட்சியிடம் பணமில்லை என்பதை ஏற்க முடியாது. இல்லாதது வர்க்க அக்கறை.

புறநகர் மாநகராட்சி மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு மணி நேரமும் இலவச எம்.ஆர்.ஐ.; அதை இயக்க நிரந்தரப் பணியாளர்கள்; தனியார்க் கூட்டு என்ற பெயரில் ஒப்படைப்பு கூடாது. இக்கோரிக்கைகளைக் குடிசைப் பகுதிகள்தோறும் கொண்டுசெல்வது தோழர்களின் உடனடிக் கடமை. அடுத்த அலை வரும்வரை காத்திருக்க உழைப்பவர் கண்கள் ஆள்வோரின் உடைமையல்ல.