கல் வெட்டிய கரங்கள்

"தொழிலாளிக்குத் தெரிந்ததெல்லாம் வேலைநிறுத்தம்" என்று கேலி பேசுவோரைக் கண்டால், தோழனே, தல்லி ராஜ்ஹராவுக்கு வழி சொல்லி அனுப்பு!

இன்றைய சத்தீஸ்கரிலே, பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது ஈந்த சுரங்க ஊர் அது. அங்கே ஒப்பந்தக் கூலிகள் 1977இல் சங்கம் கண்டனர். சங்கர் குகா நியோகி வழிநடத்தினார். அவ்வாண்டு ஜூன் திங்களிலேயே துப்பாக்கி பேசிற்று; 11 பேர் மாண்டனர். பின்னர், சங்கத் துணைத் தலைவி குசும் பாய் பிரசவத்திலே உரிய சிகிச்சையின்றி உயிர் நீத்தார். நாட்டுக்கே இரும்பு தந்த ஊரில், ஒரு தாயைக் காக்க நாதியில்லை!

அழுதார்கள், அழுதபடியே அமர்ந்துவிட்டார்களா? இல்லை! கூலியிலே மிச்சம் பிடித்தார்கள், தம் உழைப்பாலேயே கட்டடம் எழுப்பினார்கள். முதலாளியின் நன்கொடை வேண்டோம் என்றார்கள். (கல்வெட்டிலே பெயர் பொறிக்கக் கொடுப்பார்களே, அந்தக் கொடைதான்!) 1983 ஜூன் 3, பலியானோர் நினைவுநாளில், 'ஷஹீத்' மருத்துவமனை திறக்கப்பட்டது, ஷஹீத் என்றால் தியாகி. டாக்டர்கள் தேடி வந்தனர். தொழிலாளரையே மருத்துவப் பணிக்குப் பயிற்றினர்.

1991இல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனையோ நின்றுவிடவில்லை. தேவையற்ற ஊசியைத் தேவையில்லை என்றே சொல்லிற்று. வயிற்றுப்போக்கா, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வீட்டிலேயே கொடு என்று தாய்மார்க்குக் கற்பித்தது. மருந்து வணிகன் முகம் சுளித்திருப்பான்!