நம் ரூபாய்க்கு முகவரி! அவர்கள் கோடிக்கு முகமூடியா?



ஊரைவிட்டு வந்து மும்பையில் பிழைக்கும் நாம் வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் என்னென்ன கேட்கிறார்கள்? ஆதார் எங்கே? பான் எங்கே? வாடகைச் சீட்டு எங்கே? கேட்கட்டும். கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அந்தச் சட்டம் கோடீசுவரனுக்கும் உண்டா என்பதே நம் கேள்வி.

2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி, பெருநகரச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் இருப்பு வேண்டும் என்றது. குறைந்தால் அபராதம். ஜன்தன் கணக்குக்கு விலக்கு உண்டு. நம்மில் பலருக்கு இருந்ததோ சாதாரணக் கணக்கு. எட்டே மாதத்தில் வசூலித்தது 1,771 கோடி! 2020 மார்ச்சில்தான் கைவிட்டார்கள்.

அதே வங்கி 2018இல் தேர்தல் பத்திரம் விற்றது. யார் வாங்கினார், எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பது வாக்காளனுக்குத் தெரியாது. வங்கிக்குத் தெரியும். வங்கி யாருடையது? அரசுடையது! ஆளுகிறவர் அறிய வழியுண்டு. ஓட்டுப் போடுகிறவர் அறிய வழியில்லை. இதுவா நியாயம்?

‘ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் உண்டே, ஏழையும் வாங்கலாமே’ என்றார்கள். விற்ற தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள்! இதை எந்த ஏழை வாங்கினான்?

தொழிற்சங்கத்துக்கு இருந்த விதியைப் பாருங்கள். 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி, சங்கம் அரசியலுக்குச் செலவிட வேண்டுமானால் தனி நிதி வேண்டும். விரும்பும் உறுப்பினரிடம் மட்டுமே வாங்கலாம். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிக்கோ, மூன்றாண்டு சராசரி லாபத்தில் ஏழரை சதவீதமே கட்சி நன்கொடை என்றிருந்த வரம்பையும் 2017இல் நீக்கினார்கள். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டவும் தேவையில்லை என்றார்கள். தொழிலாளிக்குக் கடிவாளம், முதலாளிக்குத் திறந்த வாசல்!

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. வரம்பை நீக்கியதும் செல்லாது என்றது. விவரம் தர ஜூன் 30 வரை தவணை கேட்டது வங்கி. நம் அபராதத்துக்கு ஒரு நாளாவது தவணை தந்ததா? நீதிமன்றம் மறுத்ததும் சில நாளில் பட்டியல் வந்துவிட்டது.

பட்டியலில் முதலிடம் யாருக்கு? 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனிக்கு! லாட்டரிச் சீட்டைக் கூலிக்காசில் வாங்கியவன் யார் என்று நாம் சொல்ல வேண்டுமா? எல்லாரையும்விட அதிகம் பெற்றது பாரதிய ஜனதா. காங்கிரசும் பெற்றது, திரிணாமுலும் பெற்றது. நம் ஊர் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் பெற்றன. நம்மூர்க் கட்சி என்பதற்காக நாம் வாய்மூடி இருக்க முடியாது. பத்திரமே வேண்டாம் என்று வழக்காடிய மார்க்சிஸ்ட் கட்சியும் இருக்கிறது. வாங்காமல் கட்சி நடத்த முடியாது என்பது பொய்.

வாங்கிய பணத்தைப் பறிமுதல் செய்யவும், சிறப்பு விசாரணை நடத்தவும் கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சி நம் தெருவுக்கு வந்தாலும் கேளுங்கள்: ‘யாரிடம் வாங்கினாய்? எவ்வளவு வாங்கினாய்? அதற்கு ஈடாக என்ன கொடுத்தாய்?’

பத்து ரூபாய்ச் சந்தாவுக்கும் பெயர் எழுதி ரசீது கொடுக்கிறோம் நாம். கோடி வாங்கியவன் கணக்குச் சொல்லட்டும்!