ஸ்பேர் வராது என்ற கட்டுக்கதை

பழைய வாஷிங் மெஷின் நின்றுவிட்டால் அதற்கு ஸ்பேர் வராது, மாடலே நின்றுபோயிற்று, காயலான் கடைக்குப் போடுவதைத் தவிர வழியில்லை என்ற எண்ணம் வீடுகளில் ஏறக்குறைய சட்டமாகிவிட்டது. ஷோரூம்காரர் அதைச் சொல்கிறார், எக்ஸ்சேஞ்ச் விளம்பரம் சொல்கிறது, மெக்கானிக்கும் சொல்கிறார். முதல் இருவருக்கும் புதிய மெஷின் விற்றால் லாபம். மூன்றாமவருக்குத் தேடும் வேலை மிச்சம். சொல்பவர் எவரும் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வது அரிது.

மெஷினை ஒரே பொருளாகக் கருதுவதில்தான் தவறு தொடங்குகிறது. 1960களிலிருந்து 1990கள் வரை வந்த ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டால், அந்த நிறுவனம் தனக்கென்றே வடிவமைத்தவை தொட்டி, கியர் பாக்ஸ், மேல்மூடி, குமிழ்கள் எனச் சிலவே. பேரிங், ஆயில் சீல், பெல்ட், கெப்பாசிட்டர், ஹோஸ், கிளிப் ஆகியவை பெரும்பாலும் வெளிச்சந்தைச் சரக்கு. அடிக்கடி பழுதாவதும் இந்தச் சரக்குதான். ரப்பர் இறுகும், பேரிங் துருப்பிடிக்கும், கெப்பாசிட்டர் வலுவிழக்கும்; எஃகுத் தொட்டி பல காலம் அப்படியே இருக்கும்.

முன்புறக் கதவுள்ள மெஷின் சுழலும்போது ரயில் போகிற இரைச்சல் கேட்டால் டிரம் பேரிங் போய்விட்டது என்று பொருள். கழற்றித் துடைத்தால் அதன் விளிம்பில் 6205 என்பதுபோல் ஓர் எண் தெரியும். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம்: 25 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 52, தடிமன் 15. இந்த அளவு சர்வதேசத் தரத்தில் அடங்கியது. ஜெர்மன் மெஷினில் இருந்தாலும் ஜப்பானிய மெஷினில் இருந்தாலும் 6205 என்றால் அதுதான். இருசக்கர வண்டிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பேரிங் விற்கிற கடையில் இது கிடைக்கும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். இரும்பு மூடி போட்டது சோப்புத் தண்ணீரில் நிலைக்காது. ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிச் சீலை விட்டுவைப்பது வீண்செலவு. தண்ணீரை உள்ளே விட்டு முதல் பேரிங்கைக் கெடுத்ததே அந்தச் சீல்தான். எண்ணே இல்லாத பழைய புஷ்ஷாக இருந்தால் லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து தருவார்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கின் நிலை இன்னும் எளிது. மோட்டார் ‘உம்’ என்று முனகி, சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மைக்ரோஃபாரட் அளவு அதே எண்ணாகவும், வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருந்தால் போதும். எந்தக் கம்பெனி என்பது பொருட்டல்ல. பெல்ட்டின் வகையும் நீளமும் அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். சாவி கொடுத்த கடிகாரம்போல் ஓடும் வாஷ் டைமரும் ஸ்பின் டைமரும் ஒயர்களின் எண்ணிக்கையையும் தண்டின் வடிவத்தையும் ஒப்பிட்டுப் பொருத்தத்தக்கவை. இவ்வளவு இருந்தும் ‘கம்பெனி ஸ்பேர் நின்றுவிட்டது’ என்று ஒரு மெஷின் தூக்கி எறியப்படுகிறது என்றால், நின்றுபோனது கம்பெனி பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி மட்டுமே.

பெயரை நம்பித் தேடுவது இந்தக் கட்டுக்கதையின் இன்னொரு வேர். அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் கென்மோர் என்ற பெயரில் விற்ற மெஷின்களில் பெரும்பகுதி வேர்ல்பூல் செய்து கொடுத்தவை. 1980களின் தொடக்கத்தில் வேர்ல்பூல் பெல்ட் இல்லாமல் மோட்டாரையும் கியர் பாக்ஸையும் நேராக இணைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது; ஏறக்குறைய 2010 வரை அதே அமைப்பு கென்மோர், ரோப்பர், கிச்சன்எய்ட் எனப் பல பெயர்களில் வெளிவந்தது. மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் ரப்பருமான ஒரு சிறு இணைப்பு உண்டு. சுமை மிகுந்தால் தான் உடைந்து கியரைக் காப்பது அதன் வேலை. உடைந்ததும் மோட்டார் ஓடும், துணி அசையாது. மெஷின் செத்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். சில டாலர் பெறும் அந்த இணைப்பு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் பழைய மாடல் எண்ணைக் கணினியில் தட்டிய கடைக்காரருக்கு ‘நிறுத்தப்பட்டது’ என்று வரலாம். பழைய பாக எண்ணுக்குப் பதிலாக வந்த புதிய எண் எது என்று அடுத்த கேள்வி கேட்பவருக்கே பாகம் கிடைக்கும்.

தமிழகப் பக்கத்திலும் இப்படிப் பெயர் மாறியதுண்டு. வேர்ல்பூல் 1980களின் பிற்பகுதியில் டி.வி.எஸ். குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் ஆலை அமைத்தது. கூட்டு நிறுவனத்தின் பெயர் மறைந்ததை வைத்து அந்தக் கால மெஷினுக்குப் பாகமும் மறைந்துவிட்டது என்று கொள்வது கணக்குத் தெரியாத வாதம்.

தேவை இருக்கும்வரை பாகம் பிறந்துகொண்டே இருக்கும் என்பதற்கு மேடேக் பிழிமெஷினே சான்று. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற சிற்றூரில் வேளாண் கருவி செய்து தொடங்கிய மேடேக், 1907இல் முதல் சலவை இயந்திரத்தை விற்றது. இரட்டை உருளைகளுக்கு நடுவே துணியைச் செலுத்திப் பிழியும் அதன் மெஷின்கள் 1983இல்தான் நிறுத்தப்பட்டன. 2006இல் அந்த நிறுவனத்தையே வேர்ல்பூல் வாங்கிவிட்டது. மறு ஆண்டு நியூட்டன் ஆலையும் மூடப்பட்டது. செய்த ஆலை இல்லை, செய்த நிறுவனம் இல்லை. ஆனாலும் மின்கம்பி இணைப்பை ஏற்காத ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் அந்த மெஷின்களைச் சிறு பெட்ரோல் எஞ்சினிலும் அழுத்தக் காற்றிலும் ஓட்டித் துவைக்கிறார்கள். அதனால் அதன் பிழி உருளைகள் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன.

உண்மையிலேயே கிடைக்காதவையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஃபிரிஜிடேர் பிரிவை 1979இல் விற்றதும், மேலும் கீழுமாகக் குதித்துத் துவைக்கும் அதன் தனி அமைப்பு முடிவுக்கு வந்தது. வேறெந்த மெஷினிலும் இல்லாத அதன் ரப்பர் பாகங்களுக்கு மாற்று தேடுவோர் அதே மாடலின் இன்னொரு பழைய மெஷினைத்தான் தேட வேண்டும். அரிய மாடலின் கதவு ரப்பர், பீங்கான் பூச்சு உதிர்ந்த தொட்டி, உடைந்த கியர் உறை ஆகியவையும் இந்த வகையே. பட்டியல் குறுகியது. அதைக் காட்டி எல்லா மெஷினையும் தள்ளிவிடுவதுதான் தவறு.

புதிய மெஷினுக்குப் பாகம் எளிதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இதைவிடப் பலவீனமானது. இன்றைய பல மெஷின்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். சில நூறு ரூபாய் பேரிங்கை மாற்றத் தொட்டியையே அறுக்க வேண்டும், அல்லது தொட்டி முழுவதையும் வாங்க வேண்டும். எலக்ட்ரானிக் போர்டோ அந்த மாடலுக்கென்றே செய்தது. பேரிங்போல் பொது எண் அதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷினின் முக்கியப் பாகங்களை, அந்த மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்தபின் 10 ஆண்டுகள் வரை தர வேண்டும் என்று விதித்தது. புதிய மெஷின்களின் பாகங்கள் தாமாகவே கிடைத்துக்கொண்டிருந்தால் இப்படிச் சட்டம் போட நேர்ந்திராது. அந்தச் சட்டமும் டிரம்மையும் பேரிங்கையும் தனித்தனியாகவோ சேர்த்தோ தரலாம் என்று நிறுவனங்களுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறது.

பழையதற்கு எதிராக ஒரு நேர்மையான வாதம் உண்டு: தண்ணீர். நடுத்தண்டு வைத்த பழைய அமெரிக்க மெஷின் ஒரு சலவைக்கு 150 லிட்டர் அளவில் குடிக்கும். இன்றைய முன்புறக் கதவு மெஷினுக்கு 50 லிட்டர் அளவு போதும். லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு இது பெரிய கணக்கு. மின்சாரத்தில் அவ்வளவு வேறுபாடு இல்லை. சலவையில் மின்சாரத்தை விழுங்குவது தண்ணீரைச் சூடாக்குவதுதான், தமிழகத்தில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறார்கள்.

பாதுகாப்பில் மட்டும் பழமைக்குச் சலுகை கூடாது. ரப்பர் உறை வெடித்த ஒயர்களை முழுதாக மாற்ற வேண்டும், எர்த் இல்லாத மெஷினுக்கு எர்த் கொடுக்க வேண்டும். 1979க்கு முந்தைய அமெரிக்க மெஷினின் கெப்பாசிட்டர் எண்ணெயில் பின்னர் தடைசெய்யப்பட்ட நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும். அந்தக் கெப்பாசிட்டர் வேலை செய்தாலும் கழற்றிவிட வேண்டியதே. அடிச்சட்டம் துருவில் ஓட்டையானால் சீரமைப்பை அங்கேயே நிறுத்தலாம். அப்போதும் மோட்டார், பம்ப், டைமர், குமிழ்கள் ஆகியவற்றைக் கழற்றி மாடல் எண் எழுதி வைத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் எடைக்குப் போட வேண்டும். அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவர் தேடும் ஸ்பேர் அந்தக் கழற்றிய பாகங்கள்தான்.