நனிசைவம் என்றொரு பொய்

மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பும் நம்மவர்கள் அண்மைக்காலமாக ஒரு செய்தியைத் தவறாமல் கொண்டுவருகிறார்கள். பெர்லினிலோ இலண்டனிலோ ஒரு வீகன் உணவகத்தில் சாப்பிட்டார்களாம். வெள்ளையர் இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறார்களாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வள்ளுவர் சொன்னதைத்தான் அவர்கள் இன்று தட்டில் வைத்து விற்கிறார்களாம். கருத்தரங்கு தோறும் இதற்குக் கைதட்டல் எழுகிறது. கைதட்டி முடித்தவர்கள் அதே வளாகத்தின் பந்தியில் நெய் வடியும் பொங்கலும் தயிர்சாதமும் உண்ணச் செல்கிறார்கள். முரண்பாடு ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்தப் பெருமிதம் வரலாற்றுப் பிழை என்பதோடு நின்றிருந்தால் நான் எழுத முனைந்திருக்க மாட்டேன். பிழையான பெருமிதங்கள் நமக்குப் புதியன அல்ல. பழைய சாதியக் கற்பிதம் ஒன்றுக்கு ஐரோப்பியத் துணியில் புதுச்சட்டை தைக்கும் வேலை இது என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் சொல்லின் கதை. இங்கிலாந்தில் புலால் மறுப்போர் சங்கம் 1847இல் தோன்றியது. பாலும் முட்டையும் உண்போரை அது ஏற்றுக்கொண்டது. அது போதாது என்று பிரிந்து, 1944 நவம்பரில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் தனிச்சங்கம் கண்டனர். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தலையையும் வாலையும் சேர்த்து ‘வீகன்’ என்று பெயர் வைத்தனர். பாலை விலக்குவதே பிரிவின் காரணம். பால் வேண்டுமானால் கன்று வேண்டும். கன்று காளையாகப் பிறந்தால் அதன் கதி என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்த இயக்கம் அது. நம் நாட்டில் அந்தக் கேள்வியை உடலால் சுமந்தவர் காந்தி. பசுவும் எருமையும் கறவையில் படும் கொடுமையை அறிந்து பாலைத் துறந்தவர், 1918இல் கடும் நோயுற்றபின் ஆட்டுப்பாலுக்கு இறங்கினார். சபதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பாலை விடுவது இந்த மண்ணின் இயல்பான மரபாக இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு துன்பம் ஏன்?

நம் இலக்கியத்தைக் கேட்போம். பயணத்தில் உண்பது பற்றி ஆற்றுப்படை நூல்களை விடச் சிறந்த சான்று வேறெங்கும் கிடைக்காது. சிறுபாணனுக்கு நெய்தலில் சுட்ட மீனும், மருதத்தில் வெண்சோற்றோடு நண்டுக் கலவையும் காத்திருக்கின்றன. கரிகாலன் அளித்த ஊனை இரவும் பகலும் தின்ற பொருநனின் பற்கள் உழுத கொழுவைப்போல் மழுங்கிவிடுகின்றன. பெரும்பாணன் அந்தணர் மனையை அடையும்போது ஊன் இல்லாத உணவு வருகிறது. அங்கே மாதுளம் பிஞ்சு எதில் வேகிறது? மிளகும் கறிவேப்பிலையும் கலந்து பசு வெண்ணெயில் வேகிறது. புலால் இல்லாத அந்த இலையும் பெர்லின் உணவகத்தின் வாயிலைத் தாண்ட முடியாது.

வள்ளுவரை இழுப்போர் ஓரளவு நியாயம் உடையவர்கள்தாம். இருபத்தாறாம் அதிகாரத்தில் உண்பவன் இல்லையேல் விற்பவனும் இல்லை என்று அவர் சந்தையை நோக்கிக் கைநீட்டும் இடம், இன்றைய வீகன் துண்டறிக்கையின் அடிப்படை வாதமேதான். ஆனால் அவர் பாலை விலக்கச் சொல்லவில்லை. காதலியின் வாயூறும் நீருக்கு உவமை தேடியபோது பாலோடு தேனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். வீகனுக்கு இரண்டுமே ஆகாதவை. மணிமேகலையின் ஆபுத்திரனோ இன்னும் அழகான சிக்கல். தாய் கைவிட்ட குழந்தையை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஒரு பசு. அவனே வளர்ந்து வேள்விப் பசுவை அவிழ்த்து விடுகிறான். தமிழில் விலங்கின் மீதான அருளின் உச்சம் என்று நான் கருதும் இக்கதை பாலில்தான் தொடங்குகிறது. இது நம் அறத்துக்கு இழுக்கன்று. வேறோர் அறம், அவ்வளவே.

இனி அந்த உணவகம். ஒரு கருத்தரங்குக்காகப் பெர்லின் சென்றிருந்தபோது நண்பர்கள் அழைத்துப் போனார்கள். ஆங்கிலத்தில் ‘கம்ஃபர்ட் ஃபுட்’ என்பார்களே, அவ்வகை. தமிழில் ஆற்றுணவு என்று சொல்லிப் பார்த்தேன். நதியில் பிடித்த மீன் என்று எவரேனும் பொருள் கொள்ளக்கூடும். களைத்தவனுக்கும் வீட்டை நினைத்து ஏங்குபவனுக்கும் ஊட்டும் கொழுப்பும் சூடும் மிகுந்த சாப்பாடு. பாலாடைக்கட்டி போன்ற குழைவில் மூழ்கிய மாக்கரோனி, பர்கர், பிறகு அந்நகரம் 1949 முதல் உரிமை கொண்டாடும் கரிவூர்ஸ்ட். நம் ‘கறி’ என்ற சொல் பெயரில் இருக்க, கறி இல்லாத தொத்திறைச்சி! கோதுமை மாவைக் கழுவிக் கழுவி மாச்சத்தைப் போக்கியபின் மிஞ்சும் பசையிலிருந்து செய்த செய்டான்தான் அது. கடித்தால் இறைச்சியின் நார். மிக நன்றாகவே இருந்தது.

என்னோடு வந்த பேராசிரியர் பிறவிச் சைவர். அன்று காலை அரங்கில் வள்ளுவரே முதல் வீகன் என்று முழங்கியவர். தட்டைக் கண்டதும் முகம் சுருங்கிற்று. கோதுமை ஐயா, வெறும் கோதுமை என்றேன். “இருக்கட்டும், பார்த்தாலே குமட்டுகிறது” என்று தட்டைத் தள்ளி வைத்தார். தயிர் கிடைக்குமா என்று கேட்டார். சோயாத் தயிர் உண்டு என்றார் பரிமாறிய பெண். கடைசியில் வெறும் ரொட்டியைத் தின்றார். பேச்சுவாக்கில், தாம் வீகன் அல்லர், வீட்டில் இறைச்சி சமைப்பதுண்டு என்றும் அப்பெண் சொன்னார். பேராசிரியரின் கை ரொட்டியில் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

இரண்டு அறங்களும் பிரியும் இடம் இதுதான். வீகன் கேட்பது ஒரே கேள்வி: இதற்காக ஓர் உயிர் வலியுற்றதா? இல்லையென்றால் இறைச்சியின் உருவமும் மணமும் அவனைத் துன்புறுத்துவதில்லை. சமைத்தவர் வீட்டில் என்ன தின்கிறார் என்பதும் அவனுக்குப் பொருட்டன்று. நம் சைவம் கேட்கும் கேள்விகள் வேறு. யார் சமைத்தார்? எந்தப் பாத்திரம்? பக்கத்து இலையில் என்ன? அந்தக் கவலையின் பெயர் தீட்டு. வலியைக் குறைக்க வந்த உணவகம் ஊன் தின்பவனை வா என்று கூப்பிட்டு, அவன் விரும்பும் சுவையையே கொல்லாமல் தருகிறேன் என்கிறது. தீட்டுக்கு அஞ்சும் உணவகம் அவனைக் கைகழுவும் இடத்திலேயே பிரித்து வைக்கிறது. மிகையன்று: 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவர்க்குத் தனி வாயில், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டது. வீடு தேடி அலைந்த என் மாணவர்களைக் கேளுங்கள். ‘சைவம் மட்டும்’ என்ற பலகை எவர் வருகையைத் தடுக்க மாட்டப்படுகிறது என்று விளக்கமாகச் சொல்வார்கள்.

தமிழகத்தில் அந்தப் பெர்லின் தட்டுக்கு உறவு தேடினால், கோயில் மடைப்பள்ளியில் கிடைக்காது. ஊன் உண்ணும் குடும்பங்களின் விரதநாள் அடுப்பில் கிடைக்கும். பாசிப்பருப்பை அரைத்து ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டுச் செய்யும் சைவ ஈரல் குழம்பு, வாழைக்காயில் செய்யும் சைவ மீன் குழம்பு, ‘மீல்மேக்கர்’ என்ற பெயரில் எங்கள் தெருவெங்கும் மணந்த சோயா உருண்டை. கறியின் மீது ஆசை வைத்தவர்களே, கறி கூடாத நாளுக்காக இவற்றைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சமையலை இலக்கிய மேடையில் ஒருவரும் நம் பண்பாட்டுக் கொடை என்று சொல்லக் கேட்டதில்லை.

இந்நிலையில்தான் ‘நனிசைவம்’ என்ற மொழிபெயர்ப்பு இணையத்தில் உலவுகிறது. தமிழ் ஆசிரியன் என்ற முறையில் எனக்குக் கடும் மறுப்பு உண்டு. நனி என்றால் மிகுதி. சைவம் மிகுந்தால் வீகன் ஆகும் என்பது இச்சொல்லின் கூற்று. சைவம் மிகுந்தால் ஆனைந்து மிகும்; பால் குடங்கள் பெருகும்; நெய்விளக்குகள் கூடும். ஊனைச் சுவைத்துப் பார்த்து இறைவனுக்குப் படைத்த கண்ணப்பரை நாயனாராக வைத்துத் தொழும் சமயத்தின் பெயர், புலால் மறுப்புக்கு ஆகிவந்ததே ஒரு விந்தை. அதன்மேல் இன்னொரு மாடி கட்டினால், அடித்தளத்துச் சாதிப்படிகளும் கூடவே ஏறி வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையம்கூட 2022 விதிகளில் வீகன் உணவுக்குத் தனி முத்திரை வகுத்திருக்கிறது. பால் கலந்த பண்டம் பச்சைப் புள்ளியோடு நிற்கிறது. அதிகாரிகளுக்குப் புரிந்த வேறுபாடு தமிழறிஞர்களுக்குப் புரியாமற் போனது வியப்பே. வீகன் என்றே எழுதுவோம். காப்பியைக் ‘குளம்பி’ ஆக்கியவர்களும் இன்றுவரை காப்பிதான் குடிக்கிறார்கள்.

வீகன் அன்பர்களிடமும் எனக்கொரு வழக்கு உண்டு. அந்த மாக்கரோனியின் குழைவு முந்திரியை அரைத்து வந்தது. அங்கே பன்றி இறைச்சிக்கு மாற்றாக நாராக்கி வைக்கப்படும் பலாப்பிஞ்சும், முந்திரியும் ஒருசேர விளையும் ஊர் நம் பண்ருட்டி. முந்திரியின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் உண்டு. கையால் உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் விரல்களில் அது கருகிய வடுவாகத் தங்குகிறது. உணவுப் பட்டியலின் அடியில் விலங்குகளுக்காக அச்சிட்டிருந்த வரிகளை முழுதும் வாசித்தேன். சோயா எந்த நாட்டில் விளைந்தது என்றுகூட எழுதியிருந்தார்கள். முந்திரியை யார் உடைத்தார் என்ற குறிப்பு அதில் இல்லை.