'சர்வீஸ்' என்றால் இனாம்!

தென் கொரியாவின் சியோல் நகரத்துக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுக்கப் போகிற வாத்தியாரம்மா, முதல் வாரத்திலேயே தாமும் மாணவியாகி விடுகிறார். ஹோட்டலில் கேட்காத பலகாரம் மேஜைக்கு வரும். "சர்வீஸ்!" என்பார் பரிமாறுகிறவர். பில்லில் ஏறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். அந்த ஊரில் 'சர்வீஸ்' என்றால் இனாம். ஒன்றும் வாங்காமல் கடைகளை வேடிக்கை பார்ப்பதற்கு 'ஐ ஷாப்பிங்' என்று பெயர். (நம் வீட்டுக்காரர்கள் கேட்டால் மகிழ்ந்து போவார்கள்!) பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் தாயார் "பைட்டிங்!" என்கிறாள். சண்டைக்கு அல்ல, தைரியம் சொல்லத்தான்.

பல கட்டிடங்களில் லிப்டில் 4 இராது. 'எப்' என்ற எழுத்துதான். நாலுக்கும் சாவுக்கும் அங்கே ஒரே ஓசை. அந்த 'எப்' சப்தமோ அவர்கள் மொழியிலேயே கிடையாது! காபி அங்கே 'கொப்பி'. நாம் சிரிப்பதற்கில்லை, நமக்கும் அது 'காப்பி'தானே?

சியோலில் குப்பை கொட்டுவது லேசல்ல. 1995 முதல், அதற்கென்று விலை கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும்.

இங்கிலீஷ் மோகமோ சொல்லி முடியாது. டியூஷன் வகுப்புகளை இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று நகரமே விதி செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வேலைக்கு விசா, பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு தேசத்தாருக்கே. நம் பெண் எத்தனை அழகாகப் பேசினாலும் முதலில் பார்ப்பது பாஸ்போர்ட் அட்டையைத்தான். 2010-ல் அமலுக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது: பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் இருந்தால், பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை.