குதிரை முட்டை வாங்கப் போனோம்

ஆவூரிலிருந்து பெரியப்பா போன் செய்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, கொல்லை மோட்டாரில் காயில் போயிருக்கும். அல்லது ஊரில் யாராவது போயிருப்பார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை.

"தம்பி, நீ கணக்குல புலிதானே?"

ஆபீஸில் மானேஜர் இதே கேள்வியைக் கேட்டால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு என்று அர்த்தம். ஜாக்கிரதையாக, "சுமாரா வரும் பெரியப்பா" என்றேன்.

"நானும் உங்க பெரியம்மாவும் ஸ்டேட் மாறலாம்னு இருக்கோம்."

ஸ்டேட் மாறுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தாத்தா காலத்தில் ஆவூர் புதுக்கோட்டை சமஸ்தானம். திருச்சி வெள்ளைக்காரன் சீமை. சமஸ்தானத்துக்குத் தனி ராஜா, தனி அம்மன் காசு. 1948 மார்ச் 3-ம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு சேரும் வரை தாத்தா மாடு வாங்க மணப்பாறை போனதே அயல் நாட்டுப் பயணம்தான். ஆனால் பெரியப்பாவின் திட்டம் மணப்பாறையோடு நிற்கவில்லை. பாலக்காடு!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது திண்ணையில் வழவழவென்று ஒரு புத்தகம். அட்டையில் வெள்ளை முடி வைத்த தம்பதி, பல் எல்லாம் தெரிய, தென்னை மரத்தடியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். (இந்த மாதிரிப் புத்தகங்களில் யாருக்குமே முட்டி வலிப்பதில்லை.) முதியோர் இல்லம் என்று எங்கேயும் போடவில்லை. 'சீனியர் கம்யூனிட்டி'. ஒரு பெட்ரூம் வீடு, மூன்று வேளை சாப்பாடு, நர்ஸ், லைப்ரரி, வாரம் ஒரு பாட்டுக் கச்சேரி. டெபாசிட் 12 லட்சம். இரண்டு பேருக்கு மாசம் 18,000.

"கோயமுத்தூர்ல இதே மாதிரி விசாரிச்சேன். எட்டாயிரம் கூடக் கேக்குறான். மலையைத் தாண்டினா மலிவுடா!"

கோயமுத்தூரில் கேட்கத்தான் செய்வார்கள். இந்தியாவிலேயே இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் பேர்போன ஊர் அது. மும்பைக்காரர், சென்னைக்காரர், அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர் எல்லாரும் சிறுவாணித் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆசைப்பட்டு அங்கே வந்து இறங்குகிறார்கள். ஊரெல்லாம் தமிழ்நாட்டுக்கு வரும்போது எங்கள் பெரியப்பா மட்டும் எதிர்த்திசையில் டிக்கெட் எடுக்கிறார்.

"யோசிச்சுத்தான் பெரியப்பா..."

"என்னத்தை யோசிக்கிறது? வீரமாமுனிவர் எங்கேயோ இத்தாலியில பொறந்து நம்ம ஊர்ல ஊழியம் பாத்தாரு. கடைசியில எங்கே போனாரு? கேரளாவுல அம்பழக்காட்டுக்குத்தானே?"

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "அவருக்குப் பொண்டாட்டி கெடையாது. மூட்டையைக் கட்டினாரு, போனாரு."

வீரமாமுனிவர் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். பரமார்த்த குரு கதை எழுதியவர் அவர்தான். அதில் சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிக் காசு கொடுத்து வாங்குவார்கள். அந்த வழவழ புத்தகத்தைப் புரட்டும்போது அந்த ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். கணக்கு இது.

பெரியப்பா திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பி.எஃப்., கிராஜுவிட்டி, ரோட்டோர நிலம் விற்றது எல்லாம் திரட்டி, 2023-ல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டார். அந்த வருஷம் ஏப்ரலில்தான் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 ஆக்கி, வட்டியை 8.2 சதவிகிதம் ஆக்கினார்கள். மூன்று மாசத்துக்கு 61,500. அதாவது மாசம் 20,500. கம்பெனி பென்ஷன் 3,100. ஆக 23,600.

செலவு 18,000. மீதி 5,600. பெரியப்பா முகத்தில் வெற்றிப் புன்னகை.

பின் அட்டையைப் பார்த்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் 'வரிகள் தனி' என்று இருந்தது. தர்ம ஸ்தாபனமாகப் பதிவான முதியோர் இல்லம் என்றால், அறுபது வயதானவரிடம் சாப்பாடு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாசம் 25,000 வரை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கிடையாது. இது கம்பெனி. 18 சதவிகிதம், 3,240 ரூபாய். ஆக 21,240.

டெபாசிட்டுக்கு வீட்டையும் கொல்லையையும் விற்கவேண்டும். 12 லட்சம் வட்டியில்லாமல் அவர்களிடம் தூங்கும். அதையே பாங்கில் ஆறரை சதவிகிதத்துக்குப் போட்டால் மாசம் 6,500 வரும். அதுவும் கொடுக்கிற வாடகைதானே? 27,740 ஆயிற்று.

அதற்குக் கீழே இன்னொரு எறும்பு. 'ஆண்டுக்கு 8 சதவிகிதம் உயர்வு.'

இங்கேதான் ஆபீஸ் நண்பர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். 72-ஐ சதவிகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் தொகை இரண்டு மடங்காகும் என்று தெரிந்துவிடும். 72-ல் 8 போனால், அதாவது வகுத்தால், ஒன்பது. ஒன்பது வருஷத்தில் 18,000 என்பது 36,000. வரியோடு 42,480. பெரியப்பாவின் பென்ஷனோ 3,100-ல் சிலை மாதிரி நிற்கும். சர்க்கார் பென்ஷன்காரருக்கு அகவிலைப்படி ஏறும். நம் மாதிரி பி.எஃப். பென்ஷன்காரருக்கு ஏறாது. 2014-ல் வைத்த கணக்குப்படி சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 15,000 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதை சர்வீஸால் பெருக்கி எழுபதால் வகு. முப்பத்தைந்து வருஷம் மாடாய் உழைத்தால் மாசம் 7,500! பக்கத்து சீட்டில் இருக்கிறவரிடம் காட்டுங்கள். காப்பி ஆறிவிடும்.

"சரி, இங்கே எவ்வளவு செலவாவுது பெரியப்பா?"

அது அவருக்குத் தெரியவில்லை. கோயமுத்தூரோடு ஒப்பிட்டாரே தவிர, உட்கார்ந்திருந்த திண்ணையோடு ஒப்பிடவில்லை. ஆடித் தள்ளுபடியில் ஆயிரம் ரூபாய் சட்டையை அறுநூறுக்கு வாங்கிவிட்டு நானூறு மிச்சம் என்கிறோமே, அந்தக் கணக்கு.

பெரியம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். எழுதிக்கொடுத்த மாதிரி ஒப்பித்தாள். ரேஷன் அரிசி 2011-லிருந்து காசில்லை. கரண்ட் இரண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் 2016-லிருந்து காசில்லை. பிரஷர் மாத்திரை, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021-ல் ஆரம்பித்தார்களே, அதில் வீட்டுக்கே வருகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதுவும் அதே வருஷம். முருங்கை, கருவேப்பிலை கொல்லையில். பால், காஸ், மளிகை, பெரியப்பாவின் மூட்டுவலித் தைலம் எல்லாம் சேர்த்து மாசம் பதினொன்றரை ஆயிரம்.

"வாளையாறு தாண்டினா இதுல எது பெரியம்மா கூட வரும்?"

"உங்க பெரியப்பா வருவாரு" என்றாள், உளுந்தைப் புடைத்தபடி.

பெரியப்பாவின் டி.வி.எஸ். வண்டிக்கும் சிக்கல். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்றவேண்டும். இருபது வருஷத்து வண்டி. கேரளா ஆர்.டி.ஓ. அதைப் பார்த்தால் நம்பர் கொடுப்பாரா, கண்ணீர் விடுவாரா என்று தெரியாது.

இப்படிக் கணக்குப் பார்த்து ஸ்டேட் மாறுவதில் அமெரிக்காக்காரன்தான் நமக்கு முன்னோடி. அரிசோனா பாலைவனத்தில் 1960 ஜனவரி முதல் தேதி டெல் வெப் என்ற கான்ட்ராக்டர் 'சன் சிட்டி' என்று பெரியவர்களுக்காகவே ஓர் ஊரைத் திறந்தார். ஜனம் அலைமோதியது. புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை என்று நியூயார்க் தாத்தாக்கள் மூட்டை கட்டினார்கள். வரி மிச்சம். ஆனால் அங்கே புயல் அடிக்கிறது, வீட்டு இன்ஷூரன்ஸ் பிரீமியம் எகிறுகிறது. ஒரு பையில் போட்டது இன்னொரு பை ஓட்டை வழியாகப் போகிறது.

பெரியப்பா மசியவில்லை. "நேர்ல பாத்துட்டுப் பேசுடா" என்றார். மூன்று பேரும் மத்தியானம் திருச்சியில் பாலக்காட்டு ரயிலைப் பிடித்தோம். பெரியம்மா நாலு வேளைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டாள்.

குறை சொல்லக்கூடாது, இடம் நன்றாகவே இருந்தது. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கட்டிலுக்குப் பக்கத்தில் மணி. அமுக்கினால் ஆள் ஓடி வருகிறது. பாலக்காட்டில் நிறையப் பேர் தமிழ் பேசுகிறார்கள். வயதானவர்கள் விகிதம் இந்தியாவிலேயே அதிகம் கேரளாவில்தான். பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய் வீட்டுக்கு வீடு பெரியவர்கள் தனியாக இருப்பதால், படுத்த படுக்கையானவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாட்டுக்கு 2008-லேயே கொள்கை வகுத்த மாநிலம். நம் பெருமை பேசும்போது இதையும் சொல்லவேண்டும்.

பென்ஷன் பற்றியும் கவலை இல்லை. 2025 ஜனவரியிலிருந்து பி.எஃப். பென்ஷனை இந்தியாவில் எந்த பாங்க் கிளையிலும் வாங்கலாம். பெரியப்பா என்னைப் பார்த்து 'எப்படி?' என்று புருவத்தைத் தூக்கினார்.

மானேஜர் பெண் எல்லாம் விளக்கிவிட்டு, "வேற ஏதும் கேக்கணுமா அம்மா?" என்றாள்.

அதுவரை வாயே திறக்காத பெரியம்மா கேட்டாள். "இவரு போயிட்டா, நான் மட்டும் எவ்வளவு கட்டணும்?"

ரூமில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தர்னா பதினாலாயிரம் அம்மா. பிளஸ் டாக்ஸ்."

என் கணக்கில் அந்த வரி இல்லவே இல்லை. கணக்கில் புலி! கணவர் போனால் விதவைக்கு பி.எஃப். பென்ஷன் பாதி. 3,100 என்பது 1,550 ஆகும். கட்டணம் பாதியாவதில்லை. முக்கால் பங்குக்கு மேலேயே நிற்கிறது. இன்றைக்கு என்றால் சமாளித்துவிடலாம். ஒன்பது வருஷம் கழித்து அது 28,000, வரியோடு 33,040. வருமானம் 22,050. அப்போது பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஆவூரில் வீடும் இருக்காது.

திரும்பி வரும்போது ரயிலில் பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஈரோடு தாண்டியதும் பெரியம்மா அசந்து தூங்கிவிட்டாள். அப்போதுதான் சொன்னார்.

"மார்கழியில ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இவ தலை சுத்தி விழுந்துட்டா. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன், ஊருக்குப் போயிருந்தாங்க. 108-க்குப் போன் பண்ணினேன். வந்துட்டாங்க, வரலேன்னு சொல்லமாட்டேன். ஆனா வர்ற வரைக்கும் இவ தலையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு... அந்த மணி இருக்குதே தம்பி, கட்டில்கிட்ட. அதுக்குத்தான்டா."

"எனக்கு ஏன் பெரியப்பா சொல்லல?"

"அண்ணன் மஸ்கட்ல. நீ காலையில ஆபீஸ் போறவன். உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

திருச்சியிலிருந்து ஆவூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஆகும். நான் மாசத்துக்கு ஒரு தடவை போவேன். சில மாசம் அதுவும் இல்லை.

கடைசியில் தீர்ப்பு சொன்னது பெரியம்மாதான். வீட்டை விற்கக்கூடாது. டெபாசிட் கட்டக்கூடாது. அங்கேயே மூணு மாசம் வாடகைக்குத் தங்கிப் பார்க்கலாம், மாசம் 26,000 என்றாலும் பரவாயில்லை, பிடிக்கவில்லை என்றால் பஸ் ஏறிவிடலாம். ஈஸ்டர் தேருக்கு எப்படியும் ஊரில் இருக்கவேண்டும். பெரியப்பா ஒப்புக்கொண்டார். வண்டிக்கும் நம்பர் மாற்ற வேண்டியதில்லை.

தேர் முடிந்த மறுவாரம் கிளம்பினார்கள். பெரியம்மா பஸ் ஏறும்போது வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"வாரம் ஒருக்கா வந்து கதவு சன்னலைத் திறந்து வச்சிட்டுப் போ ராசா. இல்லேன்னா கரையான் ஏறிடும்."

நாலு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் போய்விட்டேன். போன வாரம் கொல்லை மோட்டாரில் காயில் போயிருந்தது. பாலக்காட்டுக்குப் போன் செய்து சொன்னேன்.